முதுகில் குழாய் வைத்து மார்பின் விடுகிறார்களாம், சம்மதிக்கலாமா?

கேள்வி, 2023 ஜூலை 8

அப்பாவுக்கு 67 வயது. பெருங்குடலில் கட்டி. வருகிற வெள்ளிக்கிழமை வயிற்றைத் திறந்து ஆபரேஷன். முதுகில் மெல்லிய குழாய் வைத்து மூன்று நாள் வலி மருந்து விடுவோம், அதில் மார்பினும் இருக்கும் என்று மயக்க மருந்து டாக்டர் சொல்லிக் கையெழுத்து கேட்கிறார். பெரியப்பா, "அது அபின், பழகிவிடும். வலி இருந்தால்தான் புண் ஆறும்" என்கிறார். நான் பிறந்தபோது அம்மாவுக்குப் பிரசவத்தில் முதுகில் ஊசி போட்டார்கள், 28 வருடமாக முதுகு வலி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 8, இரவு

பெரியப்பாவை முதலில் முடித்துவிடுகிறேன். வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்தால் புண் ஆறாது, நெஞ்சில் சளிதான் கட்டும். வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் போட்டிருப்பவர் இரும நினைத்தாலே எல்லாம் பிய்ந்துவிடும் போல இருக்கும். அதனால் இருமமாட்டார், மூச்சையும் பாதியோடு நிறுத்திக்கொள்வார். நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் சுருங்கிப்போகும். பிறகு காய்ச்சல், பிறகு நிமோனியா. 31 வருடம் நர்ஸாக இருந்தேன், பாதிக்கு மேல் அறுவை சிகிச்சை வார்டில். ஆபரேஷன் நன்றாக முடிந்து, சளியில் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடுங்கள் தம்பி. கால் மரக்காது, மயக்கம் வராது, வலி மட்டும் போகும். அவ்வளவுதான்.

ஜூலை 9, காலை

தூக்கக் கலக்கத்தில் "அவ்வளவுதான்" என்று எழுதிவிட்டேன். காலையில் படித்தால் எனக்கே கோபம் வருகிறது. 31 வருடம் பார்த்ததை அவ்வளவுதான் என்று முடித்தால் அது பதிலா?

தண்டுவடத்தைச் சுற்றி டியூரா என்று ஓர் உறை, அதற்குள் நீர். உறைக்கு வெளியே, முதுகெலும்புக் குழலுக்கு உள்ளே, கொழுப்பும் ரத்தக்குழாய்களும் நிறைந்த ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதுதான் எபிடியூரல் இடம். சாதாரண உடம்பில் தோலில் இருந்து நாலைந்து சென்டிமீட்டர் ஆழம். டாக்டர் ஊசியின் பின்னால் சலைன் நிரப்பிய சிரிஞ்சைப் பொருத்தி, அழுத்திக்கொண்டே நகர்வார். கெட்டியான தசைநாருக்குள் இருக்கும்வரை பிஸ்டன் அசையாது. அதைத் தாண்டிய நொடியில் சலைன் சட்டென்று உள்ளே இறங்கும். நோயாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்பது எங்கள் வேலை. ஊசி நமக்குத் தெரியாது, டாக்டரின் முகம் தெரியும். அந்த நொடியில் அவர் முகம் தளர்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்புறம் ஊசி வழியாக நூல் போன்ற குழாயை விட்டு, ஊசியை உருவிவிட்டு, குழாயை முதுகோடு ஒட்டி, தோள் வரை கொண்டுவந்துவிடுவார்கள்.

அதில் போகும் மார்பின் உறையைக் கடந்து, நீரில் கலந்து, தண்டுவடத்தின் பின்பக்கத்துக்குப் போய்ச் சேரும். வயிற்றில் இருந்து மூளைக்குப் போகிற வலி அங்கே கைமாறுகிறது. சாவடியில் வண்டியை நிறுத்துகிற மாதிரி மார்பின் அதை அங்கேயே நிறுத்திவிடுகிறது. சதையில் போட்டால் 10 மி.கி. போட்டாலும் நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். முதுகில் மூன்று மி.கி. போட்டால் 12 மணி நேரம், சிலருக்கு 24 மணி நேரம்கூட நிற்கும். அளவு குறைவு, அதனால்தான் பேசிக்கொண்டு, விழித்துக்கொண்டு, வலியில்லாமல் இருக்க முடிகிறது.

அபின் பழகிவிடும் என்ற பயம்: ஆபரேஷன் வலிக்காக மூன்று நாள் முதுகில் மருந்து வாங்கியவர், வீட்டுக்குப் போனபின் அதைத் தேடி அலைந்து நான் கண்டதில்லை. வாரக்கணக்கில் மாத்திரையாகக் கொடுத்தனுப்புவது வேறு கதை.

ஜூலை 9, மாலை

கால் மரக்காது என்று எழுதியதற்கு ஒரு மதுரை வாசகர் பிடித்துக்கொண்டார். அவர் அண்ணனுக்கு இரண்டு நாள் தொடை மரத்துக் கிடந்ததாம். அவர் சொல்வது சரி, நான் எழுதியது பாதி.

மார்பின் மட்டும் போனால் மரக்காது, காலில் பலமும் குறையாது. ஆனால் பம்பில் விடும்போது பெரும்பாலும் தனியாக விடுவதில்லை. புபிவக்கேன் என்ற மரக்கவைக்கும் மருந்தை 0.1 சதவீதம் அளவில் கரைத்து, அதோடு மார்பின் இனத்தைச் சேர்ந்த ஃபென்டனில் சேர்த்து மணிக்கு ஐந்து முதல் பத்து மில்லி வரை ஓடவிடுவார்கள். இரண்டும் கூட்டாளிகள், சேர்ந்தால் ஒவ்வொன்றும் குறைவாகப் போதும். புபிவக்கேன் கூடினால் கால் தளரும், பிரஷர் இறங்கும். வயிற்று ஆபரேஷனுக்குக் குழாயை இடுப்பில் வைக்காமல் முதுகின் நடுவில், தோள்பட்டை எலும்பின் கீழ்நுனிக்குச் சற்றுக் கீழே வைப்பார்கள். வயிற்று நரம்புகள் அங்கிருந்து கிளம்புகின்றன. அதனால் கால் பெரும்பாலும் தப்பிவிடும். அண்ணனுக்குக் குழாய் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஜூலை 10

இடுப்பில்தானாம். சரி.

இன்று என் கதை. 1988இல் எனக்குச் சிசேரியன். அப்போது வார்டில் வலிக்கு ஃபோர்ட்வின், கூடவே தூக்கம் தருகிற ஃபெனர்கான். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் இழுத்துப் புட்டத்தில் போடுவார்கள். அரை மணியில் தலை சுற்றும், நாக்கு உலரும், இரண்டு மணி நேரம் செத்த மாதிரி தூக்கம். எழுந்தால் வலி அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். அடுத்த ஊசிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கும். கேட்டால், "பிள்ளை பெத்தவளுக்கு வலிக்கத்தான் செய்யும்." இந்த வசனத்தை எனக்குச் சொன்னது என் சக நர்ஸ்தான். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2017இல் எனக்கும் குடலில் கட்டி. வலது பக்கம், புற்று இல்லை என்று பிறகு தெரிந்தது. மேஜையில் உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைக்கச் சொன்னார்கள். "இறால் மாதிரி வளைங்கம்மா" என்று நான் ஆயிரம் பேருக்குச் சொன்னது. நமக்கு வந்தால்தான் தெரிகிறது, தொந்தியும் பயமும் சேர்ந்தால் இறால் ஆக முடியாது. மரக்க ஊசி எறும்பு கடித்த மாதிரி. அதற்கப்புறம் அழுத்தம் மட்டும். குழாய் உள்ளே போகும்போது இடது விலாவில் ஒரு மின்னல் ஓடியது. "டாக்டர்!" என்றேன். நிறுத்தி, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி விட்டார். அப்படி மின்னல் அடித்தால் அசையாமல், வாயால் மட்டும் சொல்லவேண்டும். அப்பாவிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

விழித்தபோது வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார்கள். படுத்திருந்தால் ஒன்று, இருமினால் நாலு. முதல் நாள் மாலையே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மூன்று பந்து வைத்த மூச்சுக் கருவியில் இரண்டு பந்தை ஏற்றினேன். வலியே இல்லாமல் கிடப்பது நமக்குப் பெரிதில்லை, இருமவும் உட்காரவும் முடிந்தது பாருங்கள், அதற்குத்தான் இந்தக் குழாய்.

மூக்கு மட்டும் அரித்தது. பொறுக்கமுடியாத அரிப்பு, மூக்கு நுனி, கன்னம், நெற்றி. முதுகில் போன மருந்துக்கு மூக்கு ஏன் அரிக்கவேண்டும்? மார்பின் தண்ணீரில் கரைகிற சாதி. முதுகு நீரில் நின்றுவிடாமல் மெதுவாகத் தலைப்பக்கம் ஏறும். முகத்தின் நரம்பு மையம் வரை போனால் அரிப்பு. அலர்ஜி இல்லை, தடிப்பும் இருக்காது. ஃபென்டனில் கொழுப்பில் கரைகிற சாதி, போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே உள்ளே இழுத்துக்கொள்ளப்படும், அவ்வளவு தூரம் ஏறாது. சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் தீரும்.

இரண்டாம் நாள் விடிகாலை வலது பக்கம் மட்டும் வலி வந்துவிட்டது. இடது பக்கம் கல் மாதிரி மரத்திருக்கிறது, வெட்டியது வலது பக்கம்! குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. டாக்டர் வந்து ஒரு சென்டிமீட்டர் இழுத்து, டாப் அப் (கூடுதல் மருந்து) கொடுத்தார், முக்கால் மணியில் சரியானது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்தக் குழாய் பலருக்குச் சரியாக வேலை செய்யாமல் போகும். ஒரு பெரிய கணக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகையில் தவறியது. நகரும், அடைக்கும், கழன்றுவிடும். "முதுகில்தான் மருந்து போகிறதே, ஏன் வலி என்கிறீர்கள்" என்று நோயாளியைத் திட்டாமல் வந்து பார்க்கிற ஆள் வேண்டும்.

ஜூலை 11, காலை

"எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மார்பினே கிடையாது, பேசிப் பயனில்லை" என்கிறார் ஒருவர். பல வருடம் அதுதான் நிலை. 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தபின் ஓர் ஆம்பூல் மார்பின் வாங்கவே ஒன்றுக்குமேல் லைசன்ஸ். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி ஆகும். நாம் அபின் விளைகிற நாடு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் அரசு அனுமதியோடு கசகசாச் செடி வளர்கிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபின் தொழிற்சாலைகள். அந்த நாட்டில்தான் வார்டில் மார்பின் இல்லை. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்கு ஒரே அனுமதி போதும் என்று மாற்றினார்கள். ஆனாலும் பூட்டு அலமாரி, இரண்டு கையெழுத்து, காலி ஆம்பூலைத் திருப்பிக் கொடுப்பது எல்லாம் உண்டு. இருக்கவும் வேண்டும்.

அந்த இடைவெளியில் மார்பினுக்கு உறவான புப்ரெனார்பின் என்ற வலி மருந்துதான் எங்களைக் காப்பாற்றியது. அதற்கு இந்த அளவு கெடுபிடி இல்லை. முதுகில் 0.15 மி.கி., 0.3 மி.கி. என்று எத்தனை பேருக்குப் போயிருக்கும். குமட்டல் கொஞ்சம் கூடுதல். இன்னொரு சங்கடமும் உண்டு, அதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 11, இரவு

அலுத்துப்போயிருப்பீர்கள், ஒரு வேடிக்கை. முதுகில் ஊசியைக் கண்டுபிடித்தவர் ஆகஸ்ட் பியர் என்ற ஜெர்மன் டாக்டர். 1898இல் கீல் நகரில் தன் உதவியாளர் ஹில்டபிராண்டின் முதுகில் கோகைன் செலுத்தி, மரத்துவிட்டதா என்று பார்க்க முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்தார், சுருட்டால் சுட்டார், முடியைப் பிடுங்கினார். வலிக்கவில்லையாம். பிறகு இருவரும் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். மறுநாள் இருவருக்கும் தலைவலி. அது ஒயினால் மட்டும் வந்ததில்லை. உறையில் ஓட்டை விழுந்து நீர் கசிந்தால், எழுந்து உட்கார்ந்ததும் மண்டை பிளக்கும், படுத்தால் குறையும்.

ஜூலை 12, காலை

மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் திருத்தியிருக்கிறார்: பியர் செய்தது ஸ்பைனல், உறைக்குள்ளே போவது. உறைக்கு வெளியே நிற்கிற எபிடியூரலை இப்படி முதுகு வழியாகச் செய்து 1921இல் எழுதியவர் ஃபிடெல் பாஹேஸ் என்ற ஸ்பெயின் ராணுவ டாக்டர். இரண்டே வருடத்தில் கார் விபத்தில் இறந்துபோனார், எழுதியது ஸ்பானிஷில், அதனால் வெளியே பலருக்குத் தெரியவில்லை. எபிடியூரலில் மார்பின் வந்தது ரொம்பப் பிந்தி, 1979இல், ஜெருசலேமில் இருந்து. நான் நர்ஸிங் சேர்வதற்குச் சில வருடம் முன்புதான்! ஏதோ ஆதிகாலத்து வைத்தியம் என்று நினைத்திருந்தேன்.

பியரின் தலைவலி எபிடியூரலிலும் வரலாம், ஊசி தவறி உறையைத் துளைத்தால். நூறில் ஒருவர் அளவில்.

ஜூலை 12, இரவு

புப்ரெனார்பின் சங்கடமும், நான் இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்பதும் ஒரே கதை.

தொண்ணூறுகளின் கடைசி. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். பித்தப்பை ஆபரேஷன் முடிந்த ஓர் அம்மா, காலை பத்தரைக்கு முதுகில் மார்பின் போயிருந்தது. இரவு டியூட்டியில் நாற்பது படுக்கைக்கு நானும் ஒரு பயிற்சி மாணவியும். ஒன்பது மணிக்குப் போனேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "இப்போதுதான் வலியில்லாமல் தூங்குகிறார், எழுப்பாதீர்கள் சிஸ்டர்." நான் எழுப்பவில்லை. பிரஷர் பார்த்தேன், சரி. போய்விட்டேன்.

பதினொன்றுக்கு வேறு படுக்கைக்குப் போகும்போது ஏதோ உறுத்தியது. திரும்பி வந்து கடிகாரத்தைப் பிடித்து மூச்சை எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு ஏழு. தோளைத் தட்டினால் கண்ணைப் பாதி திறந்து மூடிக்கொள்கிறார். போட்டு பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, இனி என்ன என்று நான் நினைத்த நேரத்தில்தான் மார்பின் தலைப்பக்கம் ஏறி மூச்சு மையத்தைத் தொட்டிருக்கிறது. போட்ட உடனே வருவதைவிட, ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வருகிற இந்த மூச்சுத் தளர்ச்சிதான் மார்பினின் கெட்ட குணம்.

டாக்டர் ஓடிவந்தார். மார்பினை முறிக்கிற நலாக்சோன் 0.4 மி.கி. ஆம்பூலைப் பத்து மில்லியாகக் கரைத்து, ஒவ்வொரு மில்லியாகக் கொடுத்தார். மொத்தமாக ஏற்றினால் மூச்சோடு வலியும் துள்ளி எழும். நாலாவது மில்லியில் அந்த அம்மா கண் திறந்து, "ஏம்மா தூங்க விட மாட்டேங்கறீங்க" என்றார். அப்புறம் விடியும்வரை நான் நகரவில்லை. நலாக்சோன் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும், மார்பின் தீராது. இரண்டு மணிக்கு மறுபடி கொடுக்கவேண்டி வந்தது.

புப்ரெனார்பினாக இருந்திருந்தால் நலாக்சோன் அவ்வளவு சுலபமாக அதை நகர்த்தாது. அது பிடித்த இடத்தை விடாத மருந்து. அதுதான் சங்கடம்.

தம்பி, கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரவில் அப்பாவின் மூச்சை எண்ணப்போவது யார், எத்தனை மணிக்கு ஒருமுறை? ஒருதடவை முதுகில் மார்பின் போட்டால், முதல் 12 மணி நேரம் மணிக்கு ஒருமுறை, அடுத்த 12 மணி நேரம் இரண்டு மணிக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் வழிகாட்டல். குழாயில் தொடர்ந்து போனால், போகிற காலம் முழுக்கப் பார்க்கவேண்டும். "ஐசியு பக்கத்திலேயே தனி வார்டு, பார்ப்போம்" என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். "தனி அறை தருகிறோம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் முதுகில் மார்பின் வேண்டாம் என்று சொல்லுங்கள். 8ஆம் தேதி போடச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, இந்த வரியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 13

தம்பி கேட்டிருக்கிறார். முதல் இரண்டு இரவு ஹெச்டியுவில் (ஐசியுவுக்கு ஒரு படி கீழான கண்காணிப்பு வார்டு) வைப்பார்களாம். நல்லது.

துண்டு துண்டாக மற்றவை. அப்பா ரத்தம் இளக்கும் மாத்திரை எது சாப்பிட்டாலும் டாக்டருக்குத் தெரியவேண்டும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் எனாக்ஸபரின் ஊசி போடுவார்கள், அந்த ஊசிக்கும் குழாயை எடுப்பதற்கும் நடுவில் 12 மணி நேரம் இருக்கவேண்டும். உள்ளே ரத்தம் கட்டினால் தண்டுவடம் நசுங்கும். கால் புதிதாகத் தளர்ந்தால், பம்பை நிறுத்தியும் பலம் வராவிட்டால், விடியட்டும் என்று இருக்கக்கூடாது, அந்த நேரமே கூப்பிடுங்கள்.

அம்மாவின் முதுகு வலி: ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும். 28 வருடம் வலிக்காது. பிரசவத்தில் எபிடியூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் வித்தியாசம் தெரியவில்லை. இதை அம்மாவிடம் சொல்லி ஜெயிக்க முடியாது, எனக்குத் தெரியும்.

நிரந்தர பாதிப்பு பற்றிக் கேட்டவருக்கு: பிரிட்டனில் 2009இல் வெளியான தேசியத் தணிக்கை, ஒரு வருடத்தில் நடந்த ஏழு லட்சம் முதுகு ஊசிகளை எண்ணியது. எவ்வளவு மோசமாகக் கணக்குப் போட்டாலும் லட்சத்துக்கு நாலு பேர் அளவுதான். ஆனால் அதில் பிரசவ ஊசிகளும் சேர்த்தி, பெரிய ஆபரேஷனுக்கு வைக்கிற குழாய்களில் ஆபத்து அதைவிடக் கூடுதல். மற்றபடி, இது உயிரைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 2002இல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள நோயாளிகள் 900 பேர் அளவில், இறப்பில் வித்தியாசம் இல்லை. மூச்சு செயலிழப்பது குறைந்தது, வலி குறைந்தது.

நேற்றைய மருத்துவர், சின்னத் துளைகள் வழியாகச் செய்கிற லேப்ராஸ்கோப்பி என்றால் இப்போது குழாயே வைப்பதில்லை, ஸ்பைனலில் ஒரு துளி மார்பினோ வயிற்றுச் சுவரில் நரம்பு ஊசியோ போதும் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். இந்த அப்பாவுக்குத் திறந்து செய்கிறார்கள்.

ஜூலை 14

இன்னும் தகவல் இல்லை. காலையில் இருந்து நாலு தடவை பார்த்துவிட்டேன்.

ஜூலை 15

முடிந்ததாம். இருமினால் மூன்று என்கிறாராம் அப்பா.

"விரலில் ஆக்சிஜன் 99 காட்டுகிறது, இனி மூச்சை எண்ணத் தேவையில்லையே?" என்று தம்பி கேட்கிறார். தேவை. மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சு குறைந்தாலும் 99 காட்டிக்கொண்டே இருக்கும், கரியமில வாயு உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். தூக்கம் கூடுகிறதா என்று பாருங்கள், அதுதான் முதலில் மாறும். எழுப்பினால் திட்டுகிறாரா? திட்டட்டும். திட்டினால் நிம்மதி.

ஜூலை 16

மூக்கு அரிக்கிறதாம்! நான் சொல்லிவைத்ததால் அப்பா பயப்படவில்லை, "உன் நர்ஸம்மா சொன்னது வந்துடுச்சு" என்றாராம். ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்தைப் போட்டார்கள், சிலருக்கு அதில் அரிப்பும் குறையும். யூரின் டியூபை அவசரப்பட்டு எடுக்கச் சொல்லவேண்டாம், மார்பின் சிறுநீரை நிறுத்திவைக்கும்.

ரவுண்ட்ஸில் சர்ஜன் கேட்டது வலியைப் பற்றி இல்லையாம், காற்று பிரிந்ததா என்றுதான். வயிற்று வார்டில் எல்லாரும் ஆவலோடு காத்திருக்கும் நல்ல செய்தி அது ஒன்றுதான்.

ஜூலை 18

நேற்று காலை குழாயை எடுத்துவிட்டார்கள். எடுப்பது ஒட்டுப் பிளாஸ்டரைப் பிய்ப்பதைவிடச் சுலபம், வலிக்கவில்லை என்றாராம். சிஸ்டர் குழாயின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஏதோ எழுதினாராம், ஏன் என்று கேட்கிறார் தம்பி. நுனி முழுதாக வந்திருக்கிறதா, உள்ளே துண்டு ஏதும் நின்றுவிட்டதா என்று பார்ப்பது. "குழாய் முழுமையாக எடுக்கப்பட்டது" என்று கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுதுவோம்.

இன்று பாராசிட்டமால் மட்டும். காற்று பிரிந்துவிட்டது. இட்லி கேட்கிறாராம், கஞ்சிதான் கிடைத்தது.